புற்றுக்குள் ஒரு மாங்காய்

கார்த்திகை மழை ஐந்து நாள் விடாது பெய்து ஓய்ந்த ஒரு திங்கட்கிழமை. மன்னார்ப் பாலத்திற்கு அப்பால், முருங்கன் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவனொருவன், தாவரவியல் பாடம் முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றான். அவன் கையில் மூடியிட்ட சிறு பனையோலைப் பெட்டி இருந்தது.

“சேர், வீட்டுக்கு அத்திவாரம் வெட்டின இடத்திலே பழைய புற்றொன்று இருந்தது. அதற்குள்ளே இது கிடந்தது. இது என்ன, சேர்?”

பெட்டிக்குள் இருந்த பொருள் கோழிமுட்டையளவு பருமனுடையது. தோல் கரியது, சுருக்கம் விழுந்தது. ஒரு முனையில் காம்பு போன்றதொரு நீட்சி. பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே தேங்காய்ப் பருப்பை நிகர்த்த வெண்மை. மணிக்கூடு அடித்துவிட்டது, அடுத்த வகுப்பு மாணவர் வாயிலில் நின்றனர். “ஏதோ காட்டுக் கிழங்கு, தம்பி. காய்ந்து போயிற்று” என்று சொல்லி, அதனைச் சாளரத்தோரம் வைத்தேன். பையனின் முகம் சற்று வாடியது. மறுநாள் அறையைப் பெருக்கியவர் அதனையும் குப்பையோடு வாரிக் கொண்டு போய்விட்டார்.

இதனை இப்போது எழுதுங்கால் எனக்கு நாணம் உண்டாகிறது. அன்று என் கைக்கெட்டிய தூரத்தில் அயடின் போத்தல் இருந்தது. கிழங்காயின் அதில் மாப்பொருள் இருக்கும். ஒரு துளி அயடின் பட்டால் கருநீலமாக மாறும். பங்கசுக்களோ மாப்பொருளைச் சேமிப்பதில்லை. அவை சேமிப்பது விலங்குகளின் ஈரலில் உள்ளது போன்ற கிளைக்கோசன். அதன்மேல் அயடின் பட்டால் நீலம் தோன்றாது. ஒன்பதாம் வகுப்பு மாணவரும் அறிந்த இச்சோதனையை, அவர்களுக்குப் படிப்பிக்கும் நான் செய்யவில்லை.

இரண்டாண்டுகளின் பின், விடுமுறையொன்றில் பழைய ஆராய்ச்சி இதழ்களைப் புரட்டியபோதுதான் நான் எறிந்தது யாதென்பதை ஓரளவு உணர்ந்தேன். அக்கதையைச் சொல்லுமுன், நிலத்தடியில் வாழும் காளான்களைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும்.

காளான் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது குடை. உண்மையில் குடை ஒரு கனியே. அதனைத் தரும் உயிரோ, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழைகளாக மண்ணிலும் மரத்திலும் பரந்து கிடக்கிறது. குடை விரிவதன் நோக்கம் வித்திகளைக் காற்றிலே தூவுவதாகும். ஆயின், சில காளான்கள் குடை விரிப்பதில்லை. நிலத்தின் மேலே வருவதுமில்லை. மண்ணுக்குள்ளேயே உருளைக்கிழங்கு போல் உருண்டு திரண்டு, வித்திகளைத் தம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு கிடக்கின்றன. காற்றை நம்பாத இவை விலங்குகளை நம்புகின்றன. முற்றியதும் இவற்றிலிருந்து எழும் மணம் பன்றியையும் அணிலையும் எலியையும் அழைக்கிறது. அவை தோண்டித் தின்கின்றன. வித்திகள் எச்சத்தோடு வேறிடம் சேர்கின்றன. பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளில் பொன்னைப் போல் நிறுத்து விற்கப்படும் ட்ரஃபிள் இவ்வினத்தது. நாயைப் பழக்கி அதன் மூக்கின் துணைகொண்டே அதனைத் தேடுகின்றனர்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பர் நம் ஊர் மூதாட்டியர். இதனைக் கேட்டு நகைப்போர், கிரேக்க அறிஞர் புளுட்டார்க் தம் விருந்துரை நூலில் இதே செய்தியை எடுத்து, இடிக்கும் ட்ரஃபிளுக்கும் என்ன தொடர்பென விவாதித்திருப்பதை அறியார். அரபு நாடுகளிலும் இந்நம்பிக்கை உண்டு. அங்கே பாலை மணலில் மழைக்குப் பின் விளையும் ட்ரஃபிளைக் ‘கமா’ என்றும் ‘பக்கா’ என்றும் அழைப்பர். குவைத்திலும் சவூதியிலும் தொழில் பார்த்துத் திரும்பிய நம்மவர் சிலர் சந்தையில் அதனைக் கண்டிருக்கலாம். உருளைக்கிழங்கு என்றே எண்ணிக் கடந்தும் இருக்கலாம்.

இத்தகையவை மன்னார்த் தீவின் மணலில் விளையுமா என்று மாணவர் கேட்பதுண்டு. ஐரோப்பிய ட்ரஃபிள் தனித்து வாழ்வதன்று. ஓக், ஹேசல் முதலிய மரங்களின் வேர்நுனியைப் போர்த்திக்கொண்டு, மரத்துக்கு நீரும் உப்பும் தந்து, மரத்திடமிருந்து சர்க்கரை பெற்று வாழ்வது அது. அரபுப் பாலையிலும் அதற்கெனக் குறுஞ்செடிகள் உண்டு. அம்மரங்களோ செடிகளோ நம் தீவில் இல்லை. நமது பனையும், உடையும், வேம்பும் வேறொரு வகைப் பங்கசுக் கூட்டத்தோடு உறவு பூண்டவை. அக்கூட்டம் வேரைப் போர்த்துவதில்லை. வேரின் உள்ளேயே புகுந்து வாழ்கிறது.

வியப்பு யாதெனில், அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு சாதி உலகுக்கு முதன்முதல் அறிமுகமானது நம் இலங்கையிலிருந்துதான். ‘ஸ்கிளெரோசிஸ்டிஸ் கோரெமியொயிடெஸ்’ என்பது அதன் பெயர். மிகச் சிறு ட்ரஃபிள்போல் வித்திகள் திரண்ட உருண்டைகளைத் தருவது, கடுகினும் சிறியது. 1873இல் பெர்க்லி, புரூம் என்னும் இருவர் அதற்குப் பெயரிட்டனர். அது வேரோடு உறவாடும் கூட்டத்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவ்வறிவு பின்னர் வந்தது.

இவ்விருவரும் இலங்கையைக் கண்ணாற் கண்டவரல்லர். மைல்ஸ் ஜோசப் பெர்க்லி இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக் குருவானவர். அயர்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்திய உருளைக்கிழங்கு நோய்க்குப் பங்கசே காரணம் என்று 1846இல் எடுத்துரைத்தவர். புரூம் அந்நாட்டு ட்ரஃபிள்களைத் தேடித் தோண்டிப் பெயர்பெற்றவர். பேராதனைப் பூங்காவின் தலைவராக 1849இல் வந்த துவெயிற்ஸ் என்பவர், காளான்களை உலர்த்திக் காகிதத்தில் மடித்துக் கப்பலில் அனுப்புவார். அங்கே இவர்கள் ஈரமாக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, இலத்தீன் மொழியில் விவரித்துப் பெயர் சூட்டுவர். இவ்வாறு இலங்கைக் காளான்கள் ஆயிரத்தையொட்டிய பட்டியலொன்று 1870-களில் வெளியாயிற்று.

பெயர் வைப்பதனால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு செய்தி. 1869இல் துவெயிற்ஸ் அனுப்பிய பொதியொன்றில் செம்மஞ்சட் பொடி படிந்த கோப்பியிலைகள் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் ‘ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். ‘வாஸ்டாட்ரிக்ஸ்’ என்றால் பாழாக்குபவள் என்று பொருள். இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் பாழாகித் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. நம் மலைநாட்டுத் தமிழரின் வாழ்க்கை அந்த இலைப்பொடியினால் எவ்வளவு மாறிற்று என்பதை வரலாற்று ஆசிரியர்கள் எழுதட்டும்.

இனிப் புற்றுக்கு வருவோம்.

1860ஆம் ஆண்டையொட்டித் திருவிதாங்கூரிலிருந்து பெர்க்லியின் கைக்கு ஒரு விநோதப் பொருள் போய்ச் சேர்ந்தது. கறையான் புற்றுக்களின் உள்ளே கிடைப்பது. கறுத்த தோல், வெண்ணிற உள்ளீடு, ஒரு காம்பு. அவ்வூர் மக்கள் அதனைப் ‘புற்றுமாங்காய்’ என்றும் ‘நிலமாங்காய்’ என்றும் வழங்கினர். நாட்டு மருத்துவத்திலும் பயன்படுத்தினர். மக்களுக்கு அது நன்கு தெரிந்த பொருள். அறிஞர்க்கோ பெரும் புதிர். அறுத்துப் பார்த்தால் இழைகள் உள, ஆகவே பங்கசு. ஆனால் வித்தி எங்கே? ஒன்றுகூட இல்லை. வித்தியின்றேல் அதனை எக்குடும்பத்தில் சேர்ப்பது?

இவ்விடத்தில் வகைப்பாட்டின் அடிப்படையை வாசகர் மனங்கொள்ள வேண்டும். வெளித்தோற்றம் நம்மை ஏமாற்றிவிடும். நிலத்தடிக் காளான்கள் யாவும் உருண்டையாகவே இருக்கும். மண்ணுக்குள் வேறெந்த வடிவத்தால் என்ன பயன்? எனவே அறுத்து, மெல்லிய சீவலெடுத்து, வித்தியைக் காணுதல் வேண்டும். வித்திகள் சிறு பைகளுக்குள் அடைபட்டுக் கிடந்தால் அது ஒரு பெரும்பிரிவு. மெய்யான ட்ரஃபிள் அதனைச் சேர்ந்தது. சிறு கம்பங்களின் நுனியில், பெரும்பாலும் நான்கு நான்காக நின்றால் அது மற்றப் பிரிவு, குடைக்காளான்களின் உறவு. ஒன்றுபோலத் தோன்றும் இரு உருண்டைகளுள் ஒன்று கோப்பைக்காளானுக்கும் மற்றையது குடைக்காளானுக்கும் உறவாதல் கூடும். குடை விரித்த காளான் குடும்பங்கள் பலவற்றில், ஒன்றையொன்று அறியாமலே, சில இனங்கள் நிலத்தடிக்குக் குடிபெயர்ந்திருக்கின்றன என்பதை அண்மைக்கால மரபணு ஆராய்ச்சி உறுதிப்படுத்தியுள்ளது.

வித்தியே இல்லாத திருவிதாங்கூர்ப் பொருளை ‘ஸ்கிளெரோஷியம்’ என்னும் சாதியில் இட்டு, காம்புடையதாதலின் ‘ஸ்டிப்பிடேட்டம்’ என்றனர் பெர்க்லியும் அவர் நண்பர் கரியும். ஸ்கிளெரோஷியம் என்பது ஒரு மெய்யான குடும்பமன்று. பாடசாலை இடாப்பில் ‘ஏனையோர்’ என்று ஒரு பக்கம் வைப்பதில்லையா? அதுபோன்றது. வித்தி காணப்படாத, இறுகிய உருண்டைகள் யாவும் அதிலே வந்து தங்கும். சொந்த வீடு தெரிந்ததும் வெளியேறும்.

இதன் சொந்த வீட்டைக் கண்டுபிடித்தவர் டொம் பெட்ச். இங்கிலாந்தில் பள்ளியாசிரியராக இருந்தவர். 1905இல் பேராதனைக்குப் பங்கசு ஆராய்ச்சியாளராக வந்தார். அவர் உலர்ந்த பொதிகளோடு அமையவில்லை. புற்றுக்களை வெட்டித் திறந்தார். அங்கே கண்டவற்றை 1906இல் விரிவாக வெளியிட்டார்.

புற்றின் உள்ளே அறைகள் உண்டு; ஒவ்வோர் அறையிலும் மூளை போன்று மடிப்பு மடிப்பாக ஒரு பஞ்சுக்கூடு. கறையான்கள் மென்று கொணர்ந்த இலையும் சருகும் மரமுமே அக்கூடு. அதன்மேல் அவை ஒரு காளானைப் பயிரிடுகின்றன. தரங்கம்பாடியில் வைத்தியராயிருந்த, லின்னேயசின் மாணவர் கோனிக் என்பவர், தமிழ்நாட்டுப் புற்றுக்களில் இதனைக் கண்டு 1779இலேயே எழுதிவைத்தார். மழைக்காலத்தில் புற்றின்மேல் நீண்ட வேரோடு எழுந்து, நம் வீடுகளில் கறியாகும் சுவைமிக்க புற்றுக்காளான் இப்பயிரின் கனியே. பிரெஞ்சு அறிஞர் ஹைம் 1942இல் இதற்கு ‘டெர்மிட்டோமைசிஸ்’ என்னும் சாதிப்பெயரை இட்டார்.

பெட்ச் அப்பஞ்சுக்கூட்டை எடுத்துக் கறையான்களை அகற்றிக் கண்ணாடி மூடியின்கீழ் வைத்தார். சில நாட்களில் பயிர்க்காளான் மடிந்தது. முற்றிலும் வேறான ஒரு பங்கசு, மெல்லிய விரல்களைப்போல் எழுந்தது. அதன் பெயர் ‘சைலேரியா நிக்ரிப்பெஸ்’. நிக்ரிப்பெஸ் என்றால் கருங்காலன். கறையான்கள் குடியிருக்கும்வரை இக்கருங்காலன் தலைகாட்ட முடியாது. நல்ல கமக்காரன் களை பிடுங்குவதுபோல் அவை அதனை அடக்கி வைக்கின்றன. குடிகள் நீங்கியதும் தோட்டம் முழுவதும் அதன் ஆட்சி. கைவிடப்பட்ட புற்றின் அடியில் அது உணவைத் திரட்டி இறுகிய உருண்டையாக்கி உறங்குகிறது. அவ்வுறங்குநிலைதான் திருவிதாங்கூரார் கண்ட புற்றுமாங்காய். 1907இல் பெட்ச் இதனைத் தனிக் கட்டுரையாக எழுதினார். உருண்டையும் கரிய விரலும் இரண்டல்ல, ஒன்றின் இரு பருவங்கள். சீனர்கள் இவ்வகை உருண்டையை ‘வூ லிங் ஷென்’ என்று வழங்கி, உறக்கமின்மைக்கு மருந்தாக இன்றும் விற்கின்றனர்.

ஒரு பங்கசின் இரு பருவங்களுக்கு இரு பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நூறாண்டுக்கு மேல் நிலவியது. 2011இல் மெல்போர்னில் கூடிய தாவரவியற் பேரவை இதனை ஒழித்து, ஒரு பங்கசுக்கு ஒரே பெயர் என்று விதித்தது. புதிய இனத்தை இலத்தீனில் விவரிக்க வேண்டும் என்ற கட்டாயமும் 2012 முதல் நீங்கியது. அதே 2012இல், இனத்தை இனங்காட்டும் அடையாளமாகப் பங்கசுக்களுக்கு ‘ஐ.டி.எஸ்.’ என்னும் மரபணுத் துண்டைக் கொள்ளலாமென அறிஞர்கள் முன்மொழிந்தனர். புதுப்பெயரைப் பொதுப்பதிவேட்டில் பதிந்து எண் பெறுதல் 2013 முதல் கட்டாயம். எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்றுண்டு: பெயர் சூட்டப்பட்ட அதே உலர்ந்த உருண்டை ஒரு காப்பகத்தில் இருத்தல் வேண்டும். பெர்க்லியின் பொதிகள் 1879 முதல் கியூ பூங்காவில் இருக்கின்றன. ஐயுற்றவர் எவரும் இன்றும் சென்று திறந்து பார்க்கலாம்.

அவ்வாறு திறந்து பார்த்ததனால் பல திருத்தங்கள் நிகழ்ந்துள்ளன. இமயத்தின் மசூரி மலைப்பகுதியிலிருந்து கிடைத்து 1892இல் பெயர்பெற்ற ‘டியூபர் இன்டிக்கம்’ என்னும் கறுப்பு ட்ரஃபிள் ஏறத்தாழ நூறாண்டு ஏட்டுக்குள் உறங்கியது. பிற்காலத்தில் சீனாவிலிருந்து ஐரோப்பியச் சந்தைக்கு வந்த மலிவான ட்ரஃபிள் பிரெஞ்சு ட்ரஃபிளோடு கலந்து விற்கப்பட்டபோதுதான், அது இந்த இன்டிக்கக் கூட்டத்தது என்று காட்டப் பழைய பெயர் தேவைப்பட்டது. வித்தியின் முள்ளையும் மரபணுவையும் பார்த்தே வணிகரின் வஞ்சம் வெளிப்பட்டது.

கருங்காலனும் தனியன் அல்லன் என்பது இப்போது தெளிவு. தாய்வானில் கறையான் கூடுகளை ஆராய்ந்தோர், நிக்ரிப்பெஸ் என்று ஒரே பெயரால் வழங்கத்தக்கவைபோல் தோன்றியவற்றுள் புதிய இனங்களைப் பிரித்தறிந்து 2007இல் பெயரிட்டனர். என் சாளரத்தோரத்திலிருந்து குப்பைக்குப் போனது அறிந்த இனமா, பெயரற்றதா? இனி எவராலும் சொல்ல இயலாது. உலகில் பெயர் பெற்ற பங்கசு இனங்கள் சுமார் 1,50,000. உள்ளவை 25,00,000 வரை இருக்கலாமென்பது அறிஞர் கணிப்பு. இவ்வளவு பெரிய இடாப்பில் பெயரில்லாப் பிள்ளை ஒன்று என் வகுப்புக்கு வந்திருக்கவும் கூடும்.

இதனை வாசிக்கும் மாணவர்க்குச் சில சொற்கள். மண்ணுக்குள் உருண்டை கண்டால் வாயில் இடாதீர்கள். பந்துக்காளான்களுள் தடித்த தோலும் கருஊதா உள்ளீடும் உடையவை கடும் வாந்தியை உண்டாக்கும். கொடிய நச்சுக்காளானும் குடை விரியுமுன் வெண்முட்டை போலவே இருக்கும். நெடுக்காக வெட்டினால் உள்ளே குடையின் கோலம் தெரியும். தூக்கி எறியவும் வேண்டாம். பச்சையாக இருக்கும்போதே அளவையும் நிறத்தையும் மணத்தையும் எழுதுங்கள். இரண்டாக அறுத்துப் படம் வரையுங்கள். மிதமான சூட்டில் உலர்த்திக் காகித உறையில் இடுங்கள். பொலித்தீன் பை ஆகாது, அழுகிவிடும். இடம், நாள், அருகில் நின்ற மரம், மண்ணின் தன்மை, எவ்வளவு ஆழம் என்பவற்றை உறையின்மேல் குறியுங்கள். இடம் குறிக்கப்படாத பொருள், விலாசமற்ற கடிதத்துக்கு ஒப்பானது. காப்பகத்தில் எத்தனை அறிஞர் இருந்தாலும் அதனை உரியவிடத்திற் சேர்க்க மாட்டார்.

பெட்சின் எழுத்தைப் படித்த அவ்வாண்டு மார்கழியில் அப்பையனைத் தேடிப் போனேன். அவன் உயர்வகுப்பில் இருந்தான். பெட்டியை மறக்கவில்லை, நான் சொன்ன ‘காட்டுக் கிழங்கை’யும் மறக்கவில்லை. “அயடின் போட்டுப் பார்த்திருக்கலாம், சேர்” என்றான். அவன் அதனைப் பணிவோடுதான் சொன்னான்; ஆயினும் எனக்குச் சுருக்கென்றது. பழைய புற்று இருந்த இடத்தில் இப்போது சீமெந்துத் தரை. “வீட்டுக்குப் பின்னாலே இன்னொன்று இருக்கிறது. ஆனால் அம்மம்மா விடமாட்டா” என்றான்.

அவன் வீட்டின் பின்புறம், கட்டுக்கரைக்குளத்து வாய்க்காலை அடுத்து ஒரு பாலை மரம். அதன் அடியில் ஆளுயரப் புற்று. கிழக்குப் பக்கம் ஒரு சிறு மண் விளக்கு, மஞ்சள் துணி. வெள்ளிதோறும் ஆச்சி நாகதம்பிரானுக்கு விளக்கேற்றுமிடம் அது. நானும் அவ்வழிபாட்டில் வளர்ந்தவனே; மண்வெட்டியைக் கேட்க என் நா எழவில்லை. மன்னார்த் தீவின் வெண்மணலில் இவ்வளவு பெரிய புற்றை நான் கண்டதில்லை. களிமண் உள்ள இக்கரையில்தான் அது எழும்புகிறது. அங்கும் ஆண்டுதோறும் வயலுக்கும் வீதிக்குமாக அழிந்து வருகிறது. விளக்கு வைத்த புற்றே எஞ்சி நிற்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

மேற்குப் பக்கத்தில் புற்று இடிந்து, கறையான் நடமாட்டமற்றுக் கிடந்தது. குனிந்து பார்த்தோம். ஈரமண்ணிலிருந்து நான்கு மெல்லிய விரல்கள், மேலே சாம்பல் வெண்மையும் அடியிலே கருமையுமாக நின்றன.

“ஆச்சி, ஒன்றை மட்டும் எடுக்கட்டுமா?” என்று கேட்டேன்.

ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பின், “மேலே முளைச்சதை எடுங்கோ, தம்பி. கீழே கிண்டாதையுங்கோ. தம்பிரான் இருக்கிற இடம்” என்றார்.

மண்மட்டத்தில் ஒன்றை வெட்டியெடுத்தோம். பையன் உறையின்மேல் முருங்கன், மார்கழி, பாலை மரம், களிமண், கைவிடப்பட்ட புற்று, மேற்குப் பக்கம் என்று எழுதினான். ‘ஆழம்’ என்ற இடத்தில் கோடு இட்டான். விரல் எங்களிடம் உண்டு. மாங்காய் அடியில் இருக்கிறதா என்பது தெரியாது. உறையை மடிக்கும்போது ஆச்சி அருகில் வந்து, விளக்கு இல்லாத புற்றொன்று மாட்டுப்பட்டிக்கு அப்பால் இருப்பதாகவும், வரும் போகத்திற்கு உழவு இயந்திரம் அதன்மேல் ஏறுமுன் எங்களுக்குச் சொல்லியனுப்புவதாகவும் கூறினார்.